பாம்பு சாப்பிட மாட்டேன் என்கிறது: ஒரு சின்ன சரித்திரம்

எங்கள் வீட்டில் ஒருத்தர் நவம்பர் 9ஆம் தேதியிலிருந்து சாப்பிடவில்லை. மாமியார் மருமகள் சண்டை என்று அவசரப்பட வேண்டாம். என் பையன் வளர்க்கும் பாம்பு அது. பால் பைத்தான் என்று பெயர். நாம் குடிக்கும் பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், அதனால் அந்தப் பெயர். மேற்கு ஆப்பிரிக்கா பூர்வீகம். விஷம் இல்லை. கனடாவில் நாய் பூனைக்கு அடுத்தபடி பிள்ளைகள் இதைக் கேட்டு அடம் பிடிக்கிறார்கள். நம்மூரில் வீட்டில் நல்ல பாம்பு வளர்த்தால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் பாயும் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்பா, இது இந்தியா இல்லை" என்றான். அதற்குப் பதில் இல்லை.

ஊரில் அம்மாவுக்குப் போனில் சொன்னபோது ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "புத்துக்குப் பால் ஊத்தற குடும்பம்டா நாம. கிண்ணத்துல கொஞ்சம் பால் வெச்சுப் பாரேன்" என்றாள்.

நான் வங்கிக்காரன். பி.காம். படிப்பு. கணக்கு எழுதினால்தான் தூக்கம் வரும். ஆகவே பாம்புக்கும் ஒரு பேரேடு போட்டோம். தேதி, எடை, என்ன கொடுத்தோம், எடுத்ததா மறுத்ததா. நவம்பரில் 1,420 கிராம். பிப்ரவரி கடைசியில் 1,355. பதினைந்து வாரம், பதினைந்து மறுப்பு. பாம்பு விற்ற கடையில் போய்க் கேட்டால், "கொண்டுவாருங்கள், வாயைத் திறந்து தொண்டைக்குள் தள்ளிவிடலாம், ஐந்து நிமிஷ வேலை" என்றார்கள். பையன் முகம் போன போக்கைப் பார்த்து, ஒரு வாரம் டைம் கேட்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததுதான் இது. படிக்கப் படிக்கத் தெரிந்தது, எங்கள் வீட்டுப் பிரச்சினை புதுசே இல்லை. மனுஷன் பாம்பைப் பெட்டியில் அடைத்த நாளிலிருந்து பாம்பு சாப்பிட மறுத்துக்கொண்டிருக்கிறது, மனுஷன் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

தள்ளியதில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் சான் டியேகோ மிருகக்காட்சி சாலை. 1920களில் அங்கே சுமார் 23 அடி நீள மலைப்பாம்பு ஒன்று இருந்தது. பெயர் டயாப்லோ. ஸ்பானிஷ் மொழியில் சாத்தான் என்று அர்த்தம். அது தானாக எதையும் தின்னாது. எனவே ஆட்கள் வரிசையாக நின்று அதைக் குழாய் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொள்ள, அரைத்த இறைச்சியை ஒரு யந்திரத்தில் போட்டு, ரப்பர் குழாய் வழியாகத் தொண்டைக்குள் இறக்கினார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. பாம்பின் பட்டினி மிருகக்காட்சி சாலைக்கு விளம்பரம் ஆயிற்று.

அதே மிருகக்காட்சி சாலைக்கு அந்தக் காலத்தில் பாம்பு விஷயத்தில் ஆலோசகராக இருந்தவர் லாரன்ஸ் கிளாபர். இவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு தனி சந்தோஷம். மனுஷன் விலங்கியல் படித்தவரே இல்லை. மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் கம்பெனியில் எஞ்சினியராக இருந்து, பின்னாளில் அதன் தலைவரானவர். ஆபீஸ் முடிந்த பிறகுதான் பாம்பு. அப்படிச் செய்தே 1956இல் கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பற்றி இரண்டு பெரிய வால்யூம் புத்தகம் வெளியிட்டார். இன்றைக்கும் அந்தத் துறையில் அதுதான் ஆதாரம். மாலையில் டிவி முன்னால் உட்காரும் நம்மைப் போன்றவர்கள் இதைப் படித்துவிட்டு அமைதியாக அடுத்த பத்திக்குப் போய்விடலாம் :-)

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்காவும் சளைத்ததில்லை. அங்கே ஊர்வனப் பிரிவைக் கவனித்த ரேமண்ட் டிட்மார்ஸ் காலத்தில், பட்டினி கிடந்த பெரிய மலைப்பாம்பின் வாய்க்குள் முயல்களை வைத்து மூங்கில் கழியால் தள்ளினார்கள். இதை எல்லாம் கொடுமை என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்பதுதான் நிஜம். ஒரு பிராணி மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தால் செத்துப்போகும் என்று நினைத்தார்கள். பாலூட்டிகளைப் பார்த்துப் பழகிய கண்.

நம் பக்கம் வருவோம். இங்கே தள்ளுவதற்குப் பதிலாக ஊற்றினோம்.

சத்தியவேடு தெரியாதவர்களுக்கு: சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை தாண்டினால் எங்கள் ஊர்ப் பக்கம். செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த கிராமங்கள், 1960 ஏப்ரல் 1இல் எல்லை மாற்றியபோது சித்தூர் ஜில்லாவுக்குப் போயின. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் ஆயிற்று. என் தாத்தாவுக்கு ஒரு ஜில்லா, அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, வீடு மட்டும் அதே இடத்தில். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பண்டிகை இரண்டிலும். தீபாவளி முடிந்து நாலாம் நாள் வரும் நாகுலசவிதிக்குப் பாட்டி கூடவே புற்றுக்குப் போவோம். பால், முட்டை, எள்ளும் வெல்லமும் இடித்த சிமிலி. புற்றுக்குள் பால் ஊற்றும்போது பாம்பு உள்ளே வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது என்றுதான் பத்து வயசு வரை நம்பினேன். பக்கத்தில் சுருட்டப்பள்ளியில் சிவன் ஆலகால விஷம் குடித்துவிட்டு அம்பாள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார். இன்னொரு பக்கம் காளஹஸ்தி, ராகு கேது. பாம்பையும் விஷத்தையும் விட்டு எங்கள் ஊரில் யாரும் ஓடிவிட முடியாது.

பாம்பு பால் குடிக்குமா என்றால், அதற்கு இயற்கையில் அப்படி ஒரு பழக்கம் இல்லை. பாலைச் செரிக்கவும் அதன் உடம்பு ஏற்பட்டதில்லை. ஆனால் பாம்பாட்டியின் கூடையில் இருப்பது குடிக்கும். எப்படி என்றால், பண்டிகைக்கு முன்னால் நாள் கணக்கில், வாரக் கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பார்கள். தொண்டை காய்ந்த பாம்பு எது ஈரமாக இருந்தாலும் குடிக்கும். பல் பிடுங்கியது, வாய் தைத்தது என்று வனத்துறையும் விலங்குநல அமைப்புகளும் மீட்கும் பாம்புகளில் நிறைய, பண்டிகை முடிந்து கொஞ்ச நாளில் செத்துப்போகின்றன. சான் டியேகோவில் குழாய். இங்கே கிண்ணம். நாம் கொஞ்சம் பக்தியாகச் செய்தோம் என்பதைத் தவிரப் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. (அம்மா இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

வெள்ளைக்காரன் வந்து பாம்பைப் படித்த கதையும் நம் கடற்கரையில்தான் ஆரம்பிக்கிறது. கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்தில் இருந்து பாம்புகளைச் சேகரித்து, 1796இல் லண்டனில் புத்தகம் போட்டார். ஊர்க்காரர்கள் சொன்ன தெலுங்குப் பெயர்களையே பல பாம்புகளுக்கு எழுதி வைத்தார். கண்ணாடி விரியனுக்கு அவர் கேட்டு எழுதிய பெயர் "காடுக ரேகுல பொட". காடுக என்றால் கண்மை. மையால் இதழ் வரைந்தது போன்ற புள்ளி என்கிற மாதிரி அர்த்தம். என்ன அழகான பெயர்! அதை விட்டுவிட்டு உலகம் அந்தப் பாம்புக்கு ரஸ்ஸல் பெயரையே வைத்துவிட்டது.

"சாப்பிட மாட்டேன்" என்பதற்கு முதல் நல்ல பதில் ராஜநாகத்திடமிருந்து வந்தது என்று நினைக்கிறேன். தியோடர் கேன்டர் என்கிற டேனிஷ்காரர், கம்பெனி டாக்டர், வங்காளத்தில் கிடைத்த ராஜநாகத்தை 1836இல் முதன்முதலாக விவரித்து எழுதினார். உயிரோடு வைத்திருந்து பார்த்தவர். அதற்கு அவர் கொடுத்த தீனி வேறு பாம்புகள். ஏனென்றால் அது தின்பதே பாம்பைத்தான். இன்றைய அறிவியல் பெயரான ஓஃபியோஃபேகஸ் என்பதற்கே பாம்பு தின்னி என்றுதான் பொருள். (2024இல் இந்த ஒரே இனத்தை நாலாகப் பிரித்துவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதற்கு இப்போது காலிங்கா என்ற கன்னடப் பெயர்.) எலியை எத்தனை தரம் காட்டினாலும் முகம் திருப்பிக்கொள்ளும் ராஜநாகம், சாரையைக் கண்டதும் தலை தூக்கும். பிற்காலத்தில் மிருகக்காட்சி சாலைக்காரர்கள் இதிலிருந்து ஒரு தந்திரம் கற்றார்கள். செத்த எலியின் மேல் பாம்பின் வாசனையைத் தடவிக் கொடுப்பது. நாக்கை நீட்டி வாசனை பார்க்கும் ராஜநாகம் ஏமாந்து விழுங்கும். சில நாளில் தடவாத எலியும் பழகிவிடும். தள்ளுவதிலிருந்து கேட்பதற்கு மாறிய இடம் இது. உனக்கு எது சாப்பாடு என்று பாம்பிடம் கேட்பது.

இது வரைக்கும் படித்துவிட்டு, வேடிக்கை பார்க்க வைத்திருக்கும் பாம்பு சாப்பிட்டால் என்ன, சாப்பிடாவிட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் இதில் ஆயிரக்கணக்கான மனுஷ உயிர் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பாம்புக்கடிக்கு மருந்து பாம்பின் விஷத்திலிருந்துதான் வருகிறது. விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து எடுக்கிறார்கள். பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்பர் கால்மெட் சைகோனில் இருந்தபோது 1891இல் வெள்ளம் வந்து, ஊருக்குள் நாகங்கள் புகுந்து நிறையப் பேரைக் கடித்தன. அங்கே ஆரம்பித்த வேலை 1890களின் நடுவில் மருந்தாக முடிந்தது. அந்த மருந்து இந்தியாவுக்கும் வந்தது. பம்பாயில் ஹாஃப்கின் நிறுவிய ஆய்வகத்தில் ஜார்ஜ் லாம் சோதித்துப் பார்த்தால், நல்ல பாம்புக்குக் கேட்ட மருந்து கண்ணாடி விரியனுக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு பாம்பின் விஷத்துக்கும் தனித்தனியாக எதிர்ப்பு வேண்டும் என்று ஆயிற்று. அப்படியானால் ஒவ்வொரு இனத்திலும் நிறையப் பாம்பு வேண்டும். உயிரோடு வேண்டும். அது தொடர்ந்து விஷம் தர வேண்டும்.

அங்கேதான் முட்டிக்கொண்டது. காட்டிலிருந்து பிடித்து வந்த விரியன், கூண்டில் வைத்ததும் சாப்பாட்டை மறுக்கும். உலகத்தில் பல ஆய்வகங்களில் முட்டையை அடித்து, குழாய் வைத்து ஊற்றியிருக்கிறார்கள். அப்படியும் கொஞ்ச மாதத்தில் சாகும். மறுபடி புதுப் பாம்பு பிடிக்க ஆள் அனுப்ப வேண்டும். வங்கி பாஷையில் சொன்னால், முதலையே தின்று வட்டி காட்டுகிற கணக்கு. ரொம்ப நாள் ஓடாது. இதை 2020இல் வந்த ஒரு ஆய்வோடு சேர்த்துப் பாருங்கள். 2000த்திலிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம். சராசரி வருஷத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமம், பெரும்பாலும் வயலில் வேலை செய்கிறவர்கள், வீட்டில் தரையில் படுக்கிறவர்கள்.

இந்தக் கணக்கை நேர் செய்தவர்கள் வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரும் இல்லை. இருளர்கள்.

சத்தியவேடு சுற்றுவட்டாரத்தில் இருளர், யானாதி குடும்பங்கள் நிறைய. சின்ன வயசில் எங்கள் களத்துமேட்டுக்கு ஒரு இருளர் தாத்தா வருவார். எலி வளை தோண்டுவது அவர் வேலை. எலி அவருக்கு, எலி சேர்த்து வைத்த நெல்லும் அவருக்கு. ஒருதரம் வைக்கோல்போர் அடியில் நல்ல பாம்பு. தாத்தா வந்து, ஒரு குச்சியும் ஒரு துணிப்பையுமாக, நாங்கள் கூச்சல் போட்டு முடிப்பதற்குள் பையைக் கட்டிவிட்டார். நான் ஓடிப்போய் டம்ளரில் பால் கொண்டுவந்தேன். பாட்டி சொல்லிக் கொடுத்த மரியாதை. தாத்தா பாலை வாங்கி, தானே குடித்துவிட்டார். "அது இப்ப பயந்துனு கீது தம்பி. பயந்தது துன்னாது" என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தார். பெரியவனான பிறகுதான் புரிந்தது, நான் படித்த ஜெர்மன், அமெரிக்கப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருந்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லியிருக்கிறார் என்று.

இருளர்கள் அந்தக் காலத்தில் பாம்பை விட்டது அபூர்வம்தான், அதையும் சொல்ல வேண்டும். பல தலைமுறையாக அவர்கள் பிழைப்பு பாம்புத் தோல். வெளிநாட்டில் செருப்பாகவும் கைப்பையாகவும் போனது. 1970களின் நடுவில் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்ததும் அடுப்பு அணைந்தது. தடை நியாயம். ஆனால் தடை போட்டவர்கள் யாரும் அந்தக் குடும்பங்கள் நாளைக்கு எதைத் தின்னும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்தவர் ரோமுலஸ் விடேகர். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர். இருளர்களோடு காடு காடாகச் சுற்றியவர். கிண்டி பாம்புப் பண்ணையும், 1976இல் மகாபலிபுரம் சாலையில் வந்த முதலைப் பண்ணையும் அவர் ஆரம்பித்தவை. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. இடம் அதே சாலையில் வடநெம்மேலி.

சங்கத்தின் முறை ரொம்ப எளிது. வனத்துறை அனுமதி தரும் எண்ணிக்கைக்குள் நாலே நாலு இனம் பிடிக்கலாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கொண்டுவந்து மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். இருட்டு, குளிர்ச்சி, காற்று. வளைக்குள் இருக்கிற மாதிரி. வாரத்துக்கு ஒருதரம் என்று சுமார் நாலு தரம் விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வைத்து, காட்டில் கொண்டு விட்டுவிடுவார்கள். மறுபடி அதே பாம்பு சிக்கினால், அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடலாம். அவ்வளவுதான்.

பானையையும் துணியையும் விடுங்கள், எனக்குப் பிடித்தது அந்தக் கெடு. நாலு வாரம் என்பது நமக்கு நீளம், பாம்புக்கு ஒன்றுமே இல்லை. ஒரு மாதம் சாப்பிடாமல் இருப்பது அதற்குச் சனிக்கிழமை விரதம் மாதிரி. ஆக, பாம்பை எப்படிச் சாப்பிட வைப்பது என்று உலகம் நூறு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி, இங்கே எழவே இல்லை. பசி முற்றுவதற்குள் அது வீட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே தானாகச் சாப்பிட்டுக்கொள்கிறது. அடுத்த வருஷத்துக்கு விஷமும் காட்டிலேயே வைப்பு நிதியாக இருக்கிறது. இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்கிற கம்பெனிகளுக்குப் போகிற விஷத்தில் பெரும்பங்கு பல வருஷம் இந்த ஒரு சங்கத்திலிருந்து போயிருக்கிறது. பி.காமில் படித்த எந்தக் கூட்டுறவுச் சங்கமும் எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

ஒரு வருத்தம். சங்கத்துக்கு அனுமதி கொடுப்பது தமிழ்நாடு வனத்துறை. ஊத்துக்கோட்டை தாண்டி எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் அந்தக் காகிதம் செல்லாது. 1960இல் வரைபடத்தில் கோடு போட்டபோது எங்கள் களத்துமேட்டுத் தாத்தாவை யாரும் கேட்கவில்லை.

சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017இல் ஃப்ளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சதுப்பு நிலத்தில் பர்மா மலைப்பாம்பு பெருகி, முயல், ரக்கூன் என்று எல்லாவற்றையும் தீர்த்துக்கொண்டிருந்தது. அதாவது அங்கே பிரச்சினை, பாம்பு ரொம்ப நன்றாகச் சாப்பிடுவது! இருவரும் இரண்டே வாரத்துக்குள் 13 மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தி வந்த அன்று ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை, பரவாயில்லை.

புத்தகக்காரர்கள் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர், மூன்று மிருகக்காட்சி சாலைகளுக்குத் தலைமை தாங்கியவர், 1942இல் எழுதிய புத்தகத்தில் கூண்டிலுள்ள பிராணியின் பயத்தைப் பற்றி விரிவாக எழுதினார். ஓடுவதற்கு இடமும் ஒளிவதற்கு மூலையும் இல்லாத பிராணி எப்போதும் ஓடத் தயாராகவே இருக்கும். ஓடத் தயாராக இருப்பது சாப்பிட உட்காராது. நியூயார்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் பூங்காவின் கார்ல் காஃபெல்ட், 1969இல் வந்த தன் புத்தகத்தில் பாம்பு வளர்க்கிறவர்களுக்கு அதையே நடைமுறையாகச் சொன்னார். பளபளப்பான கண்ணாடிப் பெட்டி பார்க்கிறவனுக்கு நல்லது, பாம்புக்கு வேண்டியது ஒரு பொந்து. உடம்பு ஒட்டுகிற மாதிரி சின்னப் பொந்து.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது ரொம்ப லேட்டாகத்தான் தெரிந்தது. ஸ்டீஃபன் சீகர், ஜேரட் டயமண்ட் இருவரும் 1990களில் பர்மா மலைப்பாம்பை வைத்து ஆராய்ந்தார்கள். (டயமண்ட் யார் என்றால், துப்பாக்கி, கிருமி, எஃகு என்று சரித்திரப் புத்தகம் எழுதிப் புலிட்சர் வாங்கினாரே, அவரேதான்.) சாப்பாடு இல்லாத காலத்தில் பாம்பு தன் குடலையே சுருக்கி மூடி வைத்துவிடுகிறது. சாப்பிட்டதும் இரண்டு மூன்று நாளில் குடல், ஈரல், இதயம் எல்லாம் பெருக்கின்றன. சீசன் முடிந்ததும் ஷட்டரை இறக்கி, கரண்டை அணைத்துவிட்டுப் போகிற கடை மாதிரி. 2007இல் மார்ஷல் மெக்யூ இன்னும் ஒரு படி போனார். எங்கள் வீட்டு இனம் உட்பட மூன்று வகைப் பாம்புகளைச் சுமார் ஆறு மாதம் பட்டினி போட்டுப் பார்த்தார். சில பாம்புகள் உடம்பின் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. அதைவிட ஆச்சரியம், பட்டினியிலும் நீளத்தில் வளர்ந்தன. வருமானமே இல்லாமல் செலவை இப்படி வெட்டி, ஒரு அறையும் கூடுதலாகக் கட்டிக்கொள்கிற கம்பெனி எதையும் நான் என் சர்வீசில் பார்த்ததில்லை.

பால் பைத்தான் விஷயத்தில் இன்னொரு துணைக்கதை உண்டு. 1980, 90களில் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து இவற்றைச் சாக்குச் சாக்காகப் பிடித்து அமெரிக்காவுக்கு ஏற்றினார்கள். வந்தவை வெள்ளெலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பாம்பு பிறந்ததிலிருந்து வெள்ளெலியைக் கண்டதில்லை, அப்புறம் எப்படி? ஜெர்பில் என்கிற பழுப்பு நிறப் பாலைவன எலியைக் காட்டியபோது பல பாம்புகள் எடுத்தன. ராஜநாகத்துக்குச் சாரை, இதற்கு ஜெர்பில். பண்ணையில் பிறந்தவைக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஊரில் குளிர்ந்த மாதங்களில் பட்டினி கிடந்த பழக்கம் ரத்தத்தில் இருக்கிறது. கனடாவில் பிறந்து வளர்ந்தாலும், நாள் சுருங்கியதும் வாயை மூடிக்கொள்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிடாமல் இருந்து, பிறகு சாதாரணமாகச் சாப்பிட ஆரம்பித்தவையும் உண்டு.

கடைக்குப் போகவில்லை. முதலில் ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் காட்டினோம். இது முக்கியம், ஏனென்றால் வாய்ப்புண், உண்ணி, மூச்சுக் கோளாறு இருந்தாலும் சாப்பிடாது, அப்போது காத்திருப்பது தப்பு. அப்படி எதுவும் இல்லை. எடையும் ஐந்து சதவீதத்துக்குக் கீழேதான் குறைந்திருந்தது. எனவே வீட்டில் சில மாற்றம் செய்தோம். பெட்டி ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. வருகிற விருந்தாளி எல்லாம் கண்ணாடியைத் தட்டுவார்கள். அதைப் பையன் அறை மூலைக்கு மாற்றினோம். மூன்று பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். ஒரு ஓரம் 31, 32 டிகிரி, மறு ஓரம் 26. என் பங்குக்கு, அண்ணாச்சி கடையில் வாங்கி வந்திருந்த சின்ன மண்சட்டி ஒன்றை விளிம்பு உடைத்துக் கவிழ்த்து வைத்தேன். வடநெம்மேலி ஞாபகம். பையன் சிரித்தான். பாம்பு அன்று ராத்திரியே அதற்குள் போய்விட்டது.

பிறகு கஷ்டமான வேலை. பத்து நாள் பெட்டியைத் தொடவே கூடாது. தண்ணீர் மாற்றுவதோடு சரி. பன்னிரண்டு வயசுப் பையனுக்கு இது பெரிய தண்டனை. முதல் நாலு நாள் கதவுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "செத்துப்போயிட்டா?" என்று ஒரு ராத்திரி கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆர்கன்சாவில் ஆறு மாதம் பட்டினி கிடந்த பாம்புகள், குடலை மூடி வைக்கும் கதை, களத்துமேட்டுத் தாத்தா பாலைக் குடித்த கதை. கடைசிக் கதைக்குத்தான் தூங்கினான்.

பதினோராம் நாள், விளக்கை அணைத்த பிறகு, உறைந்த எலி ஒன்றை வெந்நீரில் போட்டுச் சூடாக்கினோம். பைத்தானுக்கு உதட்டோரம் குழிகள் உண்டு, சூட்டை அதால்தான் பார்க்கிறது. ஆறின எலி அதற்கு எலியே இல்லை. உயிருள்ள எலி விடுகிற எண்ணம் முதலிலிருந்தே இல்லை. பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். சட்டி வாசலில் எலியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். காலையில் எலி அப்படியே இருந்தது.

ஒரு வாரம் விட்டு மறுபடி. இந்தத் தரம் சின்ன எலி. காலையில் காணோம். சட்டிக்குப் பின்னால், தண்ணீர்க் கிண்ணத்துக்குக் கீழே எல்லாம் தேடிவிட்டுத்தான் பையன் கத்தினான். அம்மாவுக்குப் போன் போட்டால், "நான் காளஹஸ்திக்கு வேண்டிக்கிட்டேன், அதான்" என்றாள். சரி, அவள் கணக்கு அவளுக்கு.

அடுத்த வாரம் கொடுத்தோம், எடுக்கவில்லை. பையன் பேரேட்டைத் திறந்து தேதி போட்டு, "மறுப்பு, 1" என்று புதுசாக எண்ண ஆரம்பித்திருக்கிறான்.